தெரிந்த முகம், தெரியாத முகம்

ரயிலில் வந்து இறங்கும் உங்கள் அம்மாவை அழைத்துவர நண்பர் ஒருவரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்கள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. போட்டோ கிடையாது, போன் கிடையாது. நீங்கள் வாயால் சொல்லும் அடையாளத்தை வைத்துத்தான் அவர் கண்டுபிடிக்க வேண்டும். என்ன சொல்வீர்கள்? வட்ட முகம், நடுத்தரமான மூக்கு, கண் கொஞ்சம் சின்னது. அதற்குள் சொல் தீர்ந்துவிடும். அந்த வர்ணனைக்கு நடைமேடையில் முப்பது பேராவது பொருந்துவார்கள். நீங்களே போயிருந்தால், கூட்டத்துக்குப் பின்னால் பாதி மறைந்து தெரியும் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் "அதோ அம்மா" என்று கை காட்டியிருப்பீர்கள்.

முகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது நம் வாய்க்குத் தெரியாது. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1990-ல் ஜோனதன் ஸ்கூலர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் சிலருக்கு ஒரு வங்கிக் கொள்ளைக் காட்சியை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பாதிப் பேரிடம் கொள்ளையனின் முகத்தை விவரித்து எழுதச் சொன்னார்கள், மற்றவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அப்புறம் போட்டோ வரிசையில் அவனைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, உட்கார்ந்து விவரமாக எழுதியவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். சொல்லில் பிடிக்கப் போய், கண்ணில் இருந்ததைக் கலைத்துவிட்டார்கள். 2014-ல் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் அந்தத் தடுமாற்றம் தென்பட்டது.

முகத்தை எப்படிப் பார்க்கிறோம், எப்படி ஆளை அடையாளம் காண்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதோடு சேர்த்து, அந்த வேலையில் நாம் நினைக்கும் அளவுக்கு நாம் கெட்டிக்காரர்களா என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதலாவது புரிந்தால்தான் அதற்கு வர முடியும்.

தலைகீழாகப் பிடித்த போட்டோ

ராபர்ட் யின் என்ற ஆய்வாளர் 1969-ல் செய்த சோதனையிலிருந்து தொடங்கலாம். வீடு, விமானம், முகம் என்று பலவிதப் படங்களை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு எவற்றைப் பார்த்தோம் என்று கேட்டார். படங்கள் நேராக இருந்தபோது முகங்களைத்தான் எல்லோரும் சிறப்பாக நினைவில் வைத்திருந்தார்கள். தலைகீழாகக் காட்டியபோது எல்லாப் படங்களிலும் கொஞ்சம் தடுமாற்றம் வந்தது. ஆனால் முகத்தில் மட்டும் பெரிய சரிவு. முதலிடத்தில் இருந்தது கடைசிக்குப் போய்விட்டது. வீட்டைத் தலைகீழாகப் பார்த்தாலும் வீடாகவே பார்க்கிறோம். முகத்தைத் தலைகீழாக்கினால் வேறு ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது.

இதைக் கண்கூடாகக் காட்டியவர் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் தாம்ப்சன். 1980-ல் அவர் அப்போதைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் போட்டோ ஒன்றை எடுத்து, இரண்டு கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் ஒட்டினார். படத்தை நேராக வைத்துப் பார்த்தால் அருவருப்பாக, பயமாக இருக்கும். அதே படத்தை அப்படியே தலைகீழாகப் பிடித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது; சிரிக்கும் ஒரு பெண்மணி, அவ்வளவுதான். மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு கோணத்தில் திடுக்கென்று அந்தக் கோரம் வெளிப்படும். உங்கள் சொந்தப் படத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும், ரகசியம் தெரிந்த பிறகும், அந்தத் திடுக்கிடல் போவதில்லை.

ஏன் இப்படி? முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் படித்துக் கூட்டிக்கொள்வதில்லை. கண், மூக்கு, வாய், அவற்றுக்கு இடையே உள்ள தூரம், நெற்றியின் உயரம் எல்லாம் சேர்ந்த ஒரே உருவமாகத்தான் முகம் மனதில் பதிகிறது. நேரான முகத்தில் கண்ணும் வாயும் திரும்பியிருப்பது அந்த மொத்த உருவத்தையே குலைக்கிறது. தலைகீழாக்கும்போது மொத்தமாகப் பார்க்கும் அந்தத் திறன் கைவிட்டுவிடுகிறது. பிறகு கண்ணைத் தனியாக, வாயைத் தனியாகப் பார்க்கிறோம். தனியாகப் பார்த்தால் அவை நேராகத்தானே இருக்கின்றன.

இன்னொரு சோதனை இதை மேலும் உறுதிப்படுத்தியது. ஒரு பிரபலத்தின் நெற்றியும் கண்ணும் உள்ள மேல்பாதி. இன்னொரு பிரபலத்தின் மூக்கும் வாயும் உள்ள கீழ்பாதி. இரண்டையும் சரியாகப் பொருத்தி ஒட்டினால், மேலே இருப்பவர் யார் என்று சொல்லவே திணறுவோம். யாரென்றே தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர் அங்கே பிறந்துவிடுகிறார். கீழ்பாதியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும், "அட, இவரா!" என்று உடனே தெரிந்துவிடும். ஆண்ட்ரூ யங் குழுவினர் 1987-ல் வெளியிட்டது இது. பாதியை மட்டும் பார் என்று எவ்வளவு கட்டாயப்படுத்தினாலும் மூளை கேட்பதில்லை, முழுசாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

அம்மாவின் முகத்தை நண்பருக்கு விளக்க முடியாமல் போனதும் இதனால்தான். சொல்லுக்கு உறுப்பு உறுப்பாகத்தான் போகத் தெரியும்.

கண் எங்கே போகிறது

விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழி மட்டும்தான் நுணுக்கமாகப் பார்க்கக்கூடியது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். அதனால் கண் ஓரிடத்தில் நிற்காமல் வினாடிக்கு மூன்று முறை அளவில் தாவிக்கொண்டே இருக்கிறது.

அந்தத் தாவலை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவர் சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ். மரத்துப்போகச் செய்த கண்ணின் மேல் ஒரு சின்னஞ்சிறு உறிஞ்சுகுப்பியை ஒட்டி, அதில் ஒரு குட்டிக் கண்ணாடியைப் பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படத்தாளில் விழச் செய்தார். 1960-களில் வெளிவந்த அந்தக் கோட்டுப் படங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. ஒரு பெண்ணின் போட்டோவைப் பார்த்தவரின் கண் சென்ற வழியைப் பார்த்தால், அந்தக் கோடுகளே ஒரு முகம்போல இருக்கும். இரண்டு கண்களிலும் வாயிலும் கோடுகள் மொய்த்துக் கிடக்கும். கன்னத்தையும் நெற்றியையும் கண் ஏறக்குறைய சீண்டவே இல்லை.

ஆனால் ஆளை அடையாளம் காண இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. 2008-ல் ஜேனட் ஷியாவ், கேரிசன் காட்ரெல் இருவரும் செய்த ஆய்வில், இரண்டே இரண்டு பார்வை போதும் என்று தெரிந்தது. அந்த இரண்டும் மூக்கின் நடுப்பகுதியை ஒட்டியே விழுந்தன. மூக்கில் அப்படி என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அங்கே நின்றால் கண், புருவம், வாய் எல்லாம் ஒரே வீச்சில் அகப்படும், அதுதான் காரணம். முழுசாகப் பார்ப்பவன் நடுவில்தானே நிற்பான்.

எல்லோரும் ஒரே மாதிரி பார்ப்பதும் இல்லை. மேற்கத்திய நாட்டவர் கண்களுக்கும் வாய்க்கும் இடையே முக்கோணமாகப் பார்வையை ஓட்டுவதும், கிழக்காசியர் மூக்கின் நடுவிலேயே அதிகம் தங்குவதும் 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வில் பதிவானது. வழி வேறாக இருந்தாலும், அடையாளம் காண்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை.

புருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரபலங்களின் போட்டோவில் கண்களை அழித்துவிட்டுக் காட்டியதைவிட, புருவங்களை அழித்துவிட்டுக் காட்டியபோதுதான் மக்கள் அதிகம் தவறினார்கள் என்று பவன் சின்ஹா குழுவினர் 2003-ல் கண்டார்கள். வெளிச்சம் மாறினாலும், தூரத்திலிருந்து பார்த்தாலும் புருவம் கருங்கோடாக நிலைத்து நிற்கிறது. எழுத்தில் கொம்பும் காலும்போல, அதை எடுத்துவிட்டால் வாசிக்க முடியாது.

மூளையில் முகத்துக்கென்று ஓர் இடம்

1947-ல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர், தலையில் குண்டடிபட்ட ஓர் இளம் ராணுவ வீரரைப் பற்றி எழுதினார். அவருக்குப் பார்வை இருந்தது. பொருட்கள் தெரிந்தன. முகம் என்றால் முகம் என்பதும் தெரிந்தது. ஆனால் அது யாருடைய முகம் என்பது மட்டும் தெரியவில்லை. குடும்பத்தாரையும், கண்ணாடியில் தன்னையும்கூட அவரால் அடையாளம் காண முடியவில்லை. போடாமர் இதற்கு கிரேக்கச் சொற்களைக் கொண்டு புரோசோபக்னோசியா என்று பெயர் வைத்தார். முகமறியாமை என்று நேராகத் தமிழில் சொல்லிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான ஒருவரும் இருந்தார். ஆய்வுத்தாள்களில் சி.கே. என்று குறிப்பிடப்படும் அவருக்குத் தலையில் அடிபட்டபின் பொருட்களை அடையாளம் காணும் திறன் போய்விட்டது, எழுத்தை வாசிப்பதும் கடினமானது. ஆனால் முகம் மட்டும் தங்குதடையின்றித் தெரிந்தது. பழமும் காய்கறியும் அடுக்கி மனித முகம்போல வரைந்த ஓவியங்களை அவரிடம் காட்டினார்கள். அவருக்கு முகம் உடனே தெரிந்தது, அது காய்கறியால் ஆனது என்பது தெரியவில்லை! அதே மனிதரிடம் முகத்தைத் தலைகீழாகக் காட்டியபோது, சாதாரண மனிதர்களைவிட மிக மோசமாகத் தடுமாறினார். பொருட்களைப் பார்க்கும் வழி அடைபட்டு, முகத்தைப் பார்க்கும் வழி மட்டும் திறந்திருந்தவர் அவர். தலைகீழ் முகத்தைப் படிக்க அந்தப் பொருள் வழி தேவைப்படுகிறது. 1997-ல் மோரிஸ் மாஸ்கோவிச்சும் மற்றவர்களும் வெளியிட்ட இந்த ஆய்வுதான், இந்தத் துறையில் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மனிதரின் துன்பத்திலிருந்து எவ்வளவு தெளிவான விடை!

அதே 1997-ல் நான்சி கான்விஷரும் உடன் ஆய்வாளர்களும் மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஆரோக்கியமானவர்களின் மூளையைப் பார்த்தார்கள். வீடு, கை, பொருட்கள் எதைக் காட்டும்போதும் அவ்வளவாக அசையாத ஒரு சிறு இடம், முகத்தைக் காட்டியதும் சட்டென்று சுறுசுறுப்பானது. மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், காதுக்குப் பின்னால் உள்ளே இருக்கும் ஃபியூசிஃபார்ம் மடிப்பில் அந்த இடம் உள்ளது. அதன் வேலையை 2012-ல் ஒரு வலிப்பு நோயாளியிடம் நேரடியாகவே பார்க்க முடிந்தது. சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த அவருக்கு, ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் யோசஃப் பர்விசி அந்த இடத்தில் லேசாக மின்சாரம் செலுத்தினார். நோயாளியின் கண்முன்னே டாக்டரின் முகம் உருகி வேறொருவர் முகம்போல மாறியது. முகம் மட்டும்தான் மாறியது, மற்றவை அப்படியே இருந்தன என்று நோயாளி சொன்னார். மின்சாரம் நின்றதும் முகம் பழையபடி வந்துவிட்டது.

சரி, அந்த இடத்தில் இருக்கும் நரம்பு செல்கள் என்ன செய்கின்றன? டோரிஸ் சாவோ, வின்ரிக் ஃப்ரைவால்ட் ஆகியோர் மக்காக் குரங்குகளின் மூளையில் இதைத் தேடினார்கள். 2006-ல் அவர்கள் பதிவு செய்த ஒரு முகப் பகுதியில், காட்சிக்கு எதிர்வினை காட்டிய செல்களில் 97 சதவீதம் முகத்துக்கென்றே இருந்தன. 2017-ல் சாவோவும் லே சாங்கும் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் முகத்தின் ஏதோ ஓர் அளவை மட்டும் அளக்கிறது. அப்படி 50 அளவுகள் சேர்ந்தால் எந்த முகத்தையும் குறித்துவிடலாம். இருநூற்றுச் சொச்சம் செல்களின் துடிப்பை மட்டும் வைத்து, குரங்கு பார்த்துக்கொண்டிருந்த மனித முகத்தை அவர்கள் திரும்ப வரைந்து காட்டினார்கள். அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கடினம்.

அந்த இடம் பிறவியிலேயே முகத்துக்கென்று ஒதுக்கப்பட்டதா, அல்லது நாம் முகத்தில் நிபுணர்களாகிவிட்டதால் அப்படி ஆனதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாளாக வாக்குவாதம் உண்டு. இரண்டு பக்கமும் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. இங்கே அதற்குள் போக வேண்டியதில்லை.

இந்த இடம் தனியாக வேலை செய்வதும் இல்லை. காப்கிரா மயக்கம் என்று ஒரு நிலை உண்டு. 1923-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிரா விவரித்தது. இதில் ஒருவருக்குத் தன் மனைவியின் முகம் நன்றாகவே தெரியும். ஆனால் "இவள் என் மனைவி இல்லை, மனைவியைப்போல வேஷம் போட்ட யாரோ" என்று சாதிப்பார். முகத்தை அறியும் வழி சரியாக இருந்து, அந்த முகத்தைக் கண்டதும் எழ வேண்டிய உணர்ச்சிக்கான வழி அறுந்துபோனால் இப்படி ஆகலாம் என்பது இன்றைய விளக்கம். வி.எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹர்ஸ்டைனும் ஆராய்ந்த ஒருவர், தன் பெற்றோரை நேரில் பார்த்தால் போலிகள் என்றார். போனில் குரலைக் கேட்டால் அவர்கள்தான் என்று ஏற்றுக்கொண்டார். முகமறியாமை உள்ள சிலரிடம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. யாரென்று தெரியவில்லை என்று வாய் சொல்கிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சரியான பெயரைக் கேட்டதும் உள்ளங்கையில் ஒரு நொடி வியர்வை கூடுகிறது. உடம்புக்குத் தெரிந்துவிட்டது, ஆளுக்குத் தெரியவில்லை.

குழந்தை கற்றுக்கொள்வதும் இழப்பதும்

பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகளின் முன்னால், கண்ணும் மூக்கும் வாயும் சரியான இடத்தில் உள்ள ஒரு முகப் படத்தை மெதுவாக நகர்த்தினால், குழந்தை தலையைத் திருப்பி அதைத் தொடர்கிறது. உறுப்புகளைக் கலைத்துப் போட்ட படத்துக்கு அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. 1975-ல் முதலில் கண்டது. 1991-ல் மார்க் ஜான்சன் குழுவினர் திரும்பச் செய்தும் உறுதியானது. முகத்தை நோக்கிய ஒரு சாய்வோடுதான் நாம் வருகிறோம்.

ஆனால் மற்றது பழக்கத்தால் வருவது. 2002-ல் ஒலிவியே பாஸ்காலிஸ் குழுவினர் குரங்கு முகங்களைக் குழந்தைகளிடம் காட்டினார்கள். ஆறு மாதக் குழந்தைகள் ஒரு குரங்குக்கும் இன்னொரு குரங்குக்கும் வித்தியாசம் கண்டன. ஒன்பது மாதக் குழந்தைகளால் முடியவில்லை, பெரியவர்களாலும் முடியவில்லை. அந்த மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றி இருக்கும் முகங்களுக்கு மட்டும் மூளை தன்னைத் தீட்டிக்கொள்கிறது. அடுத்து நடந்த ஆய்வில், அந்த இடைக்காலம் முழுக்கக் குரங்குகளின் படப்புத்தகத்தைப் பெற்றோர் காட்டி வந்த குழந்தைகள் ஒன்பது மாதத்திலும் அந்தத் திறனை இழக்கவில்லை.

"அந்த நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்" என்று உலகத்தில் எல்லா மக்களும் இன்னொரு மக்களைப் பற்றிச் சொல்வதன் வேர் இதுதான். அவர்கள் ஒரே மாதிரி இல்லை, நம் கண்ணுக்கு அங்கே பயிற்சி இல்லை. கொரியாவில் பிறந்து சிறுவயதில் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துப்போனவர்களை 2005-ல் சோதித்தபோது, அவர்கள் ஐரோப்பிய முகங்களைத்தான் ஆசிய முகங்களைவிட நன்றாக அடையாளம் கண்டார்கள். ரத்தத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, சுற்றி இருந்த முகங்களோடுதான் தொடர்பு.

பார்வை கிடைக்கும் நேரமும் முக்கியம். கண்புரையோடு பிறந்து, முதல் சில மாதங்கள் எதையும் பார்க்காமல் போய், பிறகு அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற குழந்தைகளை டாஃப்னி மாரர் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முகங்களைப் பார்த்து வளர்ந்த பிறகும், உறுப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தில் சிறு மாற்றம் செய்தால் அவர்களால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. கண்புரைக் குழந்தைக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கண் மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட காரணங்கள் உண்டு.

நாம் நிபுணர்கள்தானா?

இதுவரை படித்தால், முகம் அறிவதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை என்று தோன்றும். தெரிந்தவர்களின் முகம் என்றால் அது உண்மைதான். பள்ளியை விட்டு 35 ஆண்டுகள் ஆன பிறகும், உடன் படித்தவர்களின் பழைய போட்டோக்களைப் பத்தில் ஒன்பது பங்கு சரியாக அடையாளம் கண்டார்கள் என்று ஹாரி பாரிக் 1975-ல் காட்டினார். நமக்கு எத்தனை முகம் தெரியும் என்று ராப் ஜென்கின்ஸ் குழுவினர் 2018-ல் கணக்கிட்டார்கள். சராசரியாக 5000, ஆளுக்கு ஆள் 1000 முதல் 10,000 வரை வேறுபட்டது.

தெரியாதவர்களின் முகம் என்றால் கதையே வேறு. இந்தத் துறையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே சோதனையைச் சொல் என்றால் நான் சொல்வது ஜென்கின்ஸின் இன்னொரு சோதனைதான், 2011-ல் வந்தது. நாற்பது போட்டோக்களைக் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒரே குவியலாகப் பிரித்து வையுங்கள் என்றார். நாற்பதிலும் இருந்தது இரண்டே பெண்கள், ஆளுக்கு இருபது படம். இருவரும் நெதர்லாந்தில் பிரபலம். பிரிட்டனில் யாருக்கும் தெரியாது. பிரிட்டனில் செய்தவர்கள் ஏழெட்டுக் குவியல்கள் வைத்தார்கள். பதினாறு குவியல் வைத்தவரும் உண்டு. இரண்டு பேர்தான் என்று ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது ஏறக்குறைய எல்லோரும் இரண்டு குவியலாகச் சட்டென்று பிரித்துவிட்டார்கள், "இதில் என்ன சோதனை?" என்று கேட்கும் அளவுக்கு எளிது.

ஒரே முகம், வேறு வெளிச்சம், வேறு கோணம், வேறு தலைமுடி, வேறு சிரிப்பு. தெரியாதவர் என்றால் ஒவ்வொரு போட்டோவும் ஒவ்வோர் ஆளாகிவிடுகிறது. ஒருவரை நமக்குத் தெரியும் என்றால், அவர் முகம் எப்படியெல்லாம் மாறும் என்பது நமக்குத் தெரியும் என்று பொருள். தூங்கி எழுந்த முகம், கோபப்பட்ட முகம், பத்து வருஷத்துக்கு முந்தைய முகம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒருவரின் மாறுதல்களை இன்னொருவரை வைத்துக் கற்க முடியாது. ஒவ்வொரு ஆளையும் புதிதாகத்தான் கற்க வேண்டும். இப்படிப் பார்த்தால் "முகம் அறிவதில் வல்லவர்" என்று பொதுவாகச் சொல்வதே கொஞ்சம் தவறு. நாம் அம்மாவின் முகத்தில் வல்லவர்கள், அண்ணனின் முகத்தில் வல்லவர்கள்.

தெரிந்த முகத்தில் கிடைக்கும் இந்தச் சுலபம்தான் நம்மை ஏமாற்றுகிறது. முகம் என்றாலே நமக்கு எளிது என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் பெரிய விஷயங்களைக் கட்டிவிட்டோம். போட்டோ ஒட்டிய அடையாள அட்டை அதில் ஒன்று. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், போட்டோ உள்ள கிரெடிட் கார்டுகளோடு ஆட்களைக் கடைக்கு அனுப்பினார்கள். சிலரிடம் இருந்தது வேறொருவரின் போட்டோ. சோதனை நடக்கிறது என்று தெரிந்திருந்தும், காசாளர்கள் அந்தப் பொய் அட்டைகளில் பாதிக்கும் மேலானவற்றை ஏற்றுக்கொண்டார்கள். அனுபவம் இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கலாம். 2014-ல் ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளையே சோதித்தார்கள். எதிரில் நிற்பவரின் போட்டோ அல்லாத வேறொருவரின் போட்டோவை, நூறில் பதினான்கு முறை சரியென்று விட்டுவிட்டார்கள். பல ஆண்டு வேலை பார்த்தவர்களும் புதிதாக வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தவறினார்கள்.

சாட்சி சொல்வது இன்னும் பெரிய விஷயம். 1984-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு மாணவி, தாக்கியவனின் முகத்தை மறக்கவே கூடாது என்று அந்த நேரத்திலும் கவனமாகப் பார்த்து வைத்தார். பிறகு போட்டோவிலும், வரிசையில் நிறுத்திக் காட்டியபோதும், நீதிமன்றத்திலும் ரொனால்ட் காட்டன் என்பவரைக் கை காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, முழு நம்பிக்கையோடுதான் சொன்னார். காட்டன் பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். 1995-ல் மரபணுச் சோதனை குற்றவாளி வேறொருவன் என்று நிரூபித்தது. வழக்கு நடந்தபோது அந்த உண்மையான குற்றவாளியையே அந்தப் பெண்ணின் முன்னால் நிறுத்தியும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நடுவில் பலமுறை பார்த்துப் பழகிய காட்டனின் முகம், ஒரே ஒரு முறை பார்த்த முகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பார்த்த சாட்சி இருக்கிறது என்றால் வழக்கு முடிந்தது என்று நினைக்கும் யாரும் இந்த ஒரு வழக்கையாவது படிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

திறன் ஆளுக்கு ஆள் வேறு

ஒருமுறை பார்த்த முகத்தை வருஷக்கணக்கில் மறக்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள். ரிச்சர்ட் ரஸ்ஸல் குழுவினர் 2009-ல் அப்படி நான்கு பேரை ஆராய்ந்து, அதிதிறன் முகமறிவோர் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். லண்டன் போலீஸ் இப்படிப்பட்டவர்களைத் தேடி எடுத்து, கேமராப் பதிவுகளில் ஆட்களைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது. இந்தத் திறன் பெரும்பாலும் பிறப்போடு வருவது. ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையர்களின் மதிப்பெண்கள் மிக நெருக்கமாகவும், மற்ற இரட்டையர்களுடையவை அவ்வளவு நெருக்கமில்லாமலும் இருப்பதை 2010-ல் ஜெரமி வில்மர் குழுவினர் காட்டினார்கள்.

மறுமுனையில் இருப்பவர்கள், எந்த அடியும் படாமல் பிறவியிலேயே முகமறியாமை உள்ளவர்கள். நூறில் இரண்டு பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலருக்குத் தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடையை வைத்து, குரலை வைத்து, தலைமுடியை வைத்து, கண்ணாடியை வைத்து ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். நண்பர் முடி வெட்டிக்கொண்டு வந்தால், அலுவலகத்தில் இருப்பவரைக் கடைத்தெருவில் பார்த்தால், எல்லாம் தலைகீழாகிவிடும். "பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறான்", "தலைக்கனம்" என்று பேர் வாங்குவதுதான் அவர்களுக்குப் பெரிய வலி. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு இது இருந்தது. தாடி வைத்த ஒருவர் மேல் மோதப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது கண்ணாடியில் தெரியும் தன் உருவம்தான் என்று உணர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். சிம்பன்சிகளோடு வாழ்ந்து ஆராய்ந்த ஜேன் குடாலும் தனக்கு இந்தச் சிரமம் உண்டு என்று சொன்னவர். உங்களைத் தெரிந்தவர் யாராவது வெளியில் கண்டுகொள்ளாமல் போனால், அடுத்த முறை முதல் வார்த்தையாக உங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

அமெரிக்க ஓவியர் சக் க்ளோஸுக்கும் முகமறியாமை இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்க வரைந்தது என்ன தெரியுமா? முகங்கள். ஆள் உயரத்துக்கும் மேலான, சுவர் அளவு முகங்கள். எதிரில் இருப்பவர் தலையை அரை அங்குலம் அசைத்தாலே தனக்கு அது புது முகமாகிவிடும் என்பார். அதனால் போட்டோ எடுத்து, தட்டையாக்கி, அதன்மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாதக்கணக்கில் வரைவார். அப்படி வரைந்தது பெரும்பாலும் நண்பர்களையும் குடும்பத்தாரையும்தான்.